ஐம்பது மைக்ரான் பொய்

"உட்காருங்க" என்றார் மேனேஜர்.

யாரும் உட்காரவில்லை.

மேஜைக்கு முன்னால் நாற்காலிகள் நான்கு இருந்தன. நின்றிருந்தவர்களும் நான்கு பேர். முன்னால் நின்ற பெண்ணின் கண்கள் பத்து நாளாகத் தூங்காதவை. அவள் பக்கத்தில் அவளுடைய தம்பி. இதே தொழிற்சாலையில் முதல் கிரைண்டிங் மெஷினை ஓட்டுகிறவன். நகக்கண்ணில் கறுப்பெண்ணெய், கழுத்தில் புடைத்த நரம்பு. அவர்களுக்குப் பின்னால் தோல் பையோடு இன்னொரு பெண், சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினெட்டு வருடம் நொறுங்கிய வண்டிகளையும் எரிந்த குடோன்களையும் பார்த்தவர். வேலையை விட்டுத் துப்பறியத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கடைசியில், கதவில் சாய்ந்தபடி அவருடைய உதவியாளர் குண்டூசி. ஆள் ஒல்லி, நாக்கு கூர்மை. பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

"உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா" என்றார் மேனேஜர். "ஆனா ஒரு டிரைவர் செத்திருக்கார்."

"அது எங்களுக்குத் தெரியாதா?" அந்தப் பெண்ணின் குரல் கரகரத்தது. "அந்த டிரைவரோட தங்கச்சி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. ஒரு வார்த்தை திட்டல. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டுப் போயிட்டா. அன்னையிலேர்ந்து அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடல. அளக்காம எழுதினார்னு சொல்றீங்களே, இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் அப்படிப் பண்ணியிருக்காரா?"

"எங்க மாமா தங்கம் சார்!" தம்பி மேஜையைக் குத்தினான். "தொழிற்சாலையே அவரை மைக்ரான்னு கூப்பிடுது. அவரைப் போய்..."

"தம்பி, கைய எடு." மேனேஜர் ஒரு கோப்பை இழுத்துச் சர்வேயரின் பக்கம் தள்ளினார். "பாருங்க மேடம். நாங்க பஸ் என்ஜினுக்குள்ள சுத்தற தண்டு, கிராங்க் ஷாஃப்ட் பண்றோம். விட்டம் அறுபது மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு மைக்ரான். அதுல இருபது குறையலாம். அதுக்குக் கீழ போகக் கூடாது. அறுபதைத் தாண்டவும் கூடாது. தலைமுடி எழுபது மைக்ரான் தடிமன். கணக்கு எவ்வளவு நுணுக்கம்னு பாருங்க."

"தெரியும்" என்றார் சர்வேயர்.

"உடைஞ்ச ஷாஃப்ட்டை அளந்தா 59.94 இருக்கு. நாற்பது மைக்ரான் எல்லைக்குக் கீழ. ஒல்லியான ஷாஃப்ட் பேரிங்குக்குள்ள ஆடும். ஆயில் நிக்காது. ஒரு நாள் தெறிச்சு என்ஜினை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அப்படித்தான் வந்திருக்கு. ஆனா அளந்து பார்க்கிற இவங்க வீட்டுக்காரர் ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கார்? 59.99. கையெழுத்தோட."

"ஷாஃப்ட்டை ஒல்லியா அரைச்சது யாரு?" என்றான் குண்டூசி.

தம்பி தலைகுனிந்தான். "நான்தான். என் மெஷின்ல வந்ததுதான்."

"அரைக்கிறவன் கை தவறும்" என்றார் மேனேஜர். "அதைப் பிடிக்கத்தான் அளக்கிறவருக்குச் சம்பளம். அஞ்சு மணிக்கு விசாரணை அறிக்கையைப் போலீஸுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் நீங்க தாராளமா எங்க வேணும்னாலும் பாருங்க. எங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல."

அவர் சிரித்தார். மணி ஒன்றே முக்கால்.

வெளியே வந்ததும் குண்டூசி சர்வேயரிடம் சொன்னான்: "அக்கா, அந்தச் சிரிப்பை அளந்தா ரெண்டு பக்கமும் ஒரே மில்லிமீட்டர். பயிற்சி எடுத்த சிரிப்பு."

"இன்னைக்கு உன் வாயை மூடிக்க முடியுமா?"

"முயற்சி பண்றேன். உத்தரவாதம் இல்ல."

சர்வேயர் சிரிக்கவில்லை. நேற்று அவர் அந்தப் பஸ்ஸைப் பார்த்திருந்தார். மலைச் சரிவில் என்ஜின் வெடித்து, தெறித்த எண்ணெயில் தீப்பிடித்த பஸ். டிரைவர் இரண்டு கதவுகளையும் திறந்து முப்பத்தாறு பேரை இறக்கியிருக்கிறார். முப்பத்தேழாவது ஆள் அவர். அவர் மட்டும் இறங்கவில்லை. உருகிப்போன ஸ்டியரிங்கைப் பார்த்த பிறகு சர்வேயருக்கு யார் மீதாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. யார் மீது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அளவறையின் இரட்டைக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வெள்ளைச் சுவர், கருங்கல் மேஜை, துணி விரித்த தட்டில் தடிமனைக் கவ்வி அளக்கும் மைக்ரோமீட்டர்கள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே வெப்பமானி இருபது டிகிரி காட்டியது.

"மார்ச்சுவரியில கூட இவ்வளவு குளிராது" என்று கையைத் தேய்த்தான் குண்டூசி. "மனுஷனுக்கு வெளிய ஃபேன்கூட இல்ல. இரும்புக்கு ஏசி."

"சூட்டுல இரும்பு வீங்கும். அளவு தப்பும்." சர்வேயர் ரிஜிஸ்டரைப் பிரித்தார். போன மாதத்துப் பக்கங்கள். மைக்ரானின் கையெழுத்து எறும்பு வரிசை போல ஓடியது. தேதி, நேரம், எந்த மெஷின், ஷாஃப்ட் நம்பர், அளவு, முடிவு.

உடைந்த ஷாஃப்ட் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பாஸாகியிருந்தது. முதல் மெஷின். அன்று பிற்பகலிலிருந்து வியாழன் மாலை வரை முதல் மெஷினில் மொத்தம் நாற்பத்தெட்டு ஷாஃப்ட்கள். அத்தனையும் பாஸ். 59.99, 59.985, 59.99.

"பாஸானதையே பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றான் குண்டூசி. "எல்லாம் நல்ல பிள்ளைங்க. ஒண்ணும் சொல்லாதுங்க."

சர்வேயரின் விரல் நின்றது.

"நீ சொன்னதுல முதல் தடவையா ஒரு அர்த்தம் இருக்கு. பாஸானது வேண்டாம். அவர் எதைக் கழிச்சார்னு பார்ப்போம்."

இருவரும் குனிந்தார்கள். செவ்வாய் காலை: இரண்டாம் மெஷினிலிருந்து ஐந்து ஷாஃப்ட்கள், ஐந்தும் பாஸ். செவ்வாய் பிற்பகல்: அதே இரண்டாம் மெஷின், நான்கு ஷாஃப்ட்கள், நான்கும் கழிவு. புதன்: நான்கு, கழிவு. வியாழன்: மூன்று, கழிவு. அளவு 60.04. எல்லாமே தடிமன் அதிகம். அதற்குப் பிறகு இரண்டாம் மெஷினிலிருந்து எதுவுமே வரவில்லை.

"காலையில ஒழுங்கா அரைச்சவன், சாப்பிட்டு வந்ததும் கை மறந்துட்டானா?" என்றார் சர்வேயர்.

"சில பேருக்குச் சாப்பாடு அப்படித்தான் அக்கா."

"மெஷினும் மாறல, ஆளும் மாறல. நடுவுல இருந்தது சாப்பாட்டு நேரம் மட்டும்தான். வா, கேட்டுக்கு வெளிய போகலாம்."

மைக்ரான் கேட்டுக்கு வெளியே, சுவரோரம் நின்றிருந்தார். அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டதால் காவலாளி உள்ளே விடவில்லை. ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, தடித்த கண்ணாடி. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ஒன்றோடொன்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு உண்மையா சொல்றேன் மேடம்" என்று அவரே ஆரம்பித்தார். "நான் அளந்தேன். சத்தியமா அளந்தேன். ஆனா பத்து நாளா யோசிக்கிறேன், அந்த ஒரு ஷாஃப்ட்ல மட்டும் கண்ணு அசந்துடுச்சோன்னு. ஒரு நொடி போதுமே. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா, நமக்கே நம்ம மேல நம்பிக்கை போயிடுது."

"அதே நாள் இரண்டாம் மெஷின்காரரோட ஷாஃப்ட்டைக் கழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் இறுகியது. "மறக்க முடியுமா? மூணு நாள்ல பதினொண்ணு. ஒண்ணு கூடத் தேறல. என்னைக் குருடன்னான். எல்லார் முன்னாடியும். நான் விடல. அவன் கண்ணு முன்னாடியே மைக்ரோமீட்டரை மூணு தடவை கோல்ல வெச்சுக் காட்டினேன். கோல் சரியாத்தான் சொல்லிச்சு. அவன் மூணாம் நாள் யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டி என் மூஞ்சியில எறிஞ்சிட்டு வேலையை விட்டே போயிட்டான். கையில தொழில் இருந்தவன் மேடம். அதான் வயித்தெரிச்சல்."

"கோல்னா?" என்றான் குண்டூசி.

"அம்பது மில்லிமீட்டர் இரும்புக் கோல். மைக்ரான் பிசகாம செஞ்சது. இந்தப் பெரிய மைக்ரோமீட்டர் முழுசா மூடாது தம்பி. அதனால காலையில ஒரு தடவை, சாப்பிட்டு வந்து ஒரு தடவை, அந்தக் கோலைக் கவ்வ வெச்சு, அம்பதுன்னு காட்டுதான்னு பார்த்து, இல்லேன்னா திருத்திக்குவேன். அதுக்கப்புறம்தான் வேலை."

"ஊர்ல எல்லாரையும் நீங்க அளக்கறீங்க, உங்களை அது அளக்குது" என்றான் குண்டூசி.

சர்வேயர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். "கழிச்ச ஷாஃப்ட் எல்லாம் எங்க?" என்று தோளுக்கு மேலாகக் கேட்டார்.

"பின்கட்டுல சிவப்பு ரேக்ல. அவன் மெஷின்தான் திரும்ப அரைக்கணும். அது அன்னையிலேர்ந்து சும்மா நிக்குது."

சிவப்பு ரேக்கில் பதினோரு ஷாஃப்ட்களும் தூசி படிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் எழுத்து. மைக்ரானின் எறும்பு எழுத்து அல்ல. தடித்த, அழுத்தி எழுதிய, கோபமான எழுத்து.

குண்டூசி வரிசையாகப் படித்தான். "'இது சரி.' அடுத்தது, 'இதுவும் சரி.' 'நல்லாப் பாருய்யா.' அஞ்சாவது, 'கண்ணாடியை மாத்து.' எட்டாவது... அக்கா, எட்டாவதைப் பெண்கள் முன்னாடி படிக்க முடியாது. பதினொண்ணாவது, 'நாசமாப் போ.'"

தம்பி ஷாஃப்ட்களை மேஜைக்குத் தூக்கிவைக்க வந்திருந்தான். "அந்த ஆளுக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி மேடம்" என்றான். "இதையெல்லாம் ஏன் பார்க்கிறீங்க? உடைஞ்சது என் மெஷின்ல வந்தது."

"தூக்கி வை" என்றார் சர்வேயர்.

துணியால் துடைத்தார். அளவறையிலிருந்து கொண்டுவந்த மைக்ரோமீட்டரும் அதன் கோலும் ஷாஃப்ட்களின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, கோலில் வைத்துச் சரிபார்த்தார். எதிர்த் தெரு லேத் பட்டறையிலிருந்து குண்டூசி இரவல் வாங்கி வந்த இன்னொரு மைக்ரோமீட்டரும் இன்னொரு கோலும் பக்கத்தில் தயாராக இருந்தன. முதல் ஷாஃப்ட்டைக் கவ்வவைத்துத் திருகினார். படித்தார். இரவல் கருவியால் மறுபடி படித்தார். இரண்டாவது. மூன்றாவது.

பதினொன்றும் முடிந்தபோது அவர் கன்னம் சிவந்திருந்தது.

"59.99. எல்லாமே. நட்ட நடுவுல உட்கார்ந்திருக்கு. இதைவிட நல்ல ஷாஃப்ட் இந்தக் கட்டடத்துல கிடையாது."

"அப்போ எட்டாவது ஷாஃப்ட்ல எழுதினது நியாயம்தான்" என்றான் குண்டூசி.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

சர்வேயர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். "இங்க பாரு. கெட்ட ஷாஃப்ட், உண்மை 59.94, அவர் எழுதினது 59.99. நல்ல ஷாஃப்ட், உண்மை 59.99, அவர் எழுதினது 60.04. ரெண்டுலயும் எத்தனை வித்தியாசம்?"

"அம்பது மைக்ரான்." குண்டூசி விசில் அடித்தான். "ரெண்டுலயும் அதே அம்பது."

"அளக்காம எழுதறவன் எல்லாத்தையும் பாஸ் போட்டிருப்பான். நல்ல ஷாஃப்ட் பதினொண்ணைக் கழிச்சு, ஊரே பார்க்கச் சண்டை போட்டிருக்க மாட்டான். பொய் சொல்ற மனுஷனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுல பொய் சொல்ல வராது. இரும்புக்குத்தான் வரும். அந்த மூணு நாளும் பெட்டியில இருந்த கோல் அம்பது மைக்ரான் குட்டை. குட்டைக் கோலை வெச்சு இதான் அம்பதுன்னு நம்ப வெச்சா, மைக்ரோமீட்டர் அளக்கிற ஒவ்வொண்ணையும் அம்பது மைக்ரான் தடிச்சுத்தான் காட்டும். ஒல்லி ஷாஃப்ட் சரியாயிடும். சரியான ஷாஃப்ட் குண்டாயிடும்."

"ஆனா இப்போ பெட்டியில இருக்கிற கோல் சரியா இருக்கே?"

"திருப்பி வெச்சுட்டாங்க. அப்போ குட்டைக் கோல்னு ரெண்டாவது ஒண்ணு வந்திருக்கணும். எங்கிருந்து வந்துச்சு? ஸ்டோர்ல போய் உன் வாயைத் திற. இப்போ அனுமதி குடுக்கிறேன்."

முக்கால் மணி நேரம் கழித்துக் குண்டூசி ஒரு தடித்த நோட்டோடு திரும்பினான். "ஸ்டோர் கீப்பர் தங்கமான மனுஷன் அக்கா. அவர் முழங்கால் வலியோட முழு வரலாறும் இப்ப எனக்கு மனப்பாடம். அதுக்குப் பதிலா இந்த ஒரு பக்கம்."

பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. அளவறைக்கு, ஐம்பது மில்லிமீட்டர் கோல், ஒன்று. கீழே மேனேஜரின் கையெழுத்து.

மணி நாலு இருபது. மேனேஜரின் அறைக்கு இந்த முறை மனைவியோடும் தம்பியோடும் மைக்ரானையும் அழைத்து வந்தார் சர்வேயர். காவலாளி தடுத்தபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து இதற்கு முன் கேட்டதே இல்லை என்று குண்டூசி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

கோலின் கதையைச் சர்வேயர் சொல்லி முடித்தபோது மைக்ரான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

"கதை நல்லாருக்கு மேடம்" என்றார் மேனேஜர்.

சர்வேயர் ஸ்டோர் நோட்டைத் திறந்து மேஜையில் அறைந்தார். "இதுவும் கதையா? அளவறைக்குன்னு கோல் வாங்கியிருக்கீங்க. அளவறைப் பெட்டியில இருக்கிறது நாலு வருஷப் பழைய கோல். அது ஒண்ணுதான் இருக்கு. உங்க புதுக் கோல் எங்க?"

அந்தச் சிரிப்பின் ஒரு பக்கம் இறங்கியது. "ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போடறேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கெப்படி ஞாபகம் இருக்கும்? என்னால ஒரு கோலை அம்பது மைக்ரான் தேய்க்க முடியுமா? எனக்கு மெஷினை ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

"பாவி!" தம்பி பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். "எங்க மாமாவைக் காவு குடுக்கப் பார்த்தியா?"

குண்டூசி அவனை இழுத்து விலக்கினான்.

"அவர் சொல்றது உண்மை" என்றார் சர்வேயர். "அவருக்கு மெஷின் தெரியாது. நாற்பத்தெட்டு ஷாஃப்ட் எத்தனை மைக்ரான் குறைஞ்சிருக்குன்னும் தானா தெரிஞ்சிருக்காது. அது தெரிஞ்ச ஒருத்தர்தான் கோலைக் கச்சிதமா அம்பது தேய்ச்சிருக்கணும். அதை விடுங்க. அளவறைக்குச் சாவி எத்தனை?"

"ஒண்ணு" என்றார் மைக்ரான். "என் சட்டைப் பையில. யார்கிட்டயும் குடுத்ததில்ல."

"கோல் மாறினது பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்துல. அன்னைக்குச் சாவி எங்க இருந்துச்சு?" சர்வேயர் மைக்ரானின் மனைவியிடம் திரும்பினார். "அன்னைக்கு இவர் வீட்டுக்கு வந்தாராம்மா?"

"பதினாலாம் தேதியா?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "வந்தார். எப்பவும் வர மாட்டார், அன்னைக்கு வந்தார். பாப்பா பள்ளிக்கூடத்துல படியில விழுந்துட்டா. தாடை கிழிஞ்சு நாலு தையல். நான் பதறிப்போய் போன் பண்ணினேன். இவரும் தம்பியும் ஓடி வந்தாங்க. கிளினிக்ல தையல் போடறப்போ இவர்தான் மடியில வெச்சிருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். வீட்டுக்கு வந்து கழட்டிப் போட்டார். பாப்பா இவரை விடவே இல்ல, கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கிட்டா. நான் சட்டையை எடுத்து ஊற வைக்கப் போனேன். தம்பிதான் குடு அக்கா, நீ பாப்பாவைப் பாரு, சட்டையை நான் அலசிப் போடறேன்னு..."

அவள் நிறுத்தினாள்.



"அவன் பிறந்ததுலேர்ந்து ஒரு கர்சீப் துவைச்சதில்ல" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. "அன்னைக்கு ஒரு சட்டையை ஒரு மணி நேரம் துவைச்சான். நான் அவனை நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

தம்பியின் கழுத்து நரம்பு அடங்கிப் போயிருந்தது.

"டேய்."

"அக்கா..."

"சொல்லுடா."

"அரைக்கிற சக்கரம் செட்டிங் தப்பிப்போச்சு அக்கா" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "சனி, ஞாயிறு ராப்பகலா ஓவர்டைம் ஓட்டினதுல நாற்பத்தெட்டும் ஒல்லியாயிடுச்சு. திங்கட்கிழமைதான் தெரிஞ்சுது. எல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகணும். மேனேஜர்கிட்ட சொன்னேன். வேலை போயிடும்னார். எப்படியாவது பாஸாகணும்னார். மாமா பாஸ் போட மாட்டார்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோல் யோசனையை நான்தான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்தார். எப்படி உள்ள போறதுன்னு தெரியாம இருந்துச்சு. அப்பத்தான் பாப்பா..."

"பாப்பா விழுந்தது உனக்கு வசதியாப் போச்சு."

"சாவியை எடுத்துட்டு ஓடினேன். கோலை மாத்தினேன். திரும்பற வழியில சாவிக்கடையில டூப்ளிகேட் போட்டு, மாமா கிளம்பறதுக்குள்ள சாவியைத் திரும்ப வெச்சுட்டேன். வியாழக்கிழமை பழைய கோலைத் திரும்ப வெச்சுட்டேன். உடையும்னு நினைக்கல அக்கா. கொஞ்சம் சத்தம் வரும், ஆறு மாசத்துல மாத்திக்குவாங்கன்னு..."

அவள் அறைந்தாள். சத்தம் வெளியே நடைக்கூடம் வரை கேட்டது. இன்னொரு முறை கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே இறக்கினாள்.

"பத்து நாளா என் வீட்டுல உட்கார்ந்து என்கூட அழுதியேடா!"

"நான் பாஸாகணும்னுதான் சொன்னேன்" என்று மேனேஜர் எழுந்தார். "மத்ததெல்லாம் இவனா..."

"உட்காருய்யா!" என்றான் குண்டூசி. அவன் குரலில் அப்போது நக்கல் துளியும் இல்லை. மேனேஜர் உட்கார்ந்தார்.

தம்பி மைக்ரானின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, என்னை மன்னிச்சிடுங்க மாமா. நீங்க மாட்டிக்குவீங்கன்னு சத்தியமா..."

"வாயை மூடு."

மைக்ரான் கத்தி யாரும் கேட்டதில்லை. அறை அதிர்ந்தது.

"மீதி எங்க?"

"என்ன மாமா?"

"நாற்பத்தெட்டுல ஒண்ணு உடைஞ்சாச்சு. நாற்பத்தேழு எங்கடா? பஸ்ஸுலயா இருக்கு?"

தம்பி ஆமென்று தலையசைத்தான்.

"ஓடிக்கிட்டிருக்கா? இப்போ, இந்த நிமிஷம்?" மைக்ரான் சுற்றி இருந்த எல்லாரையும் பார்த்தார். அவர் பார்வை சர்வேயரிடம் வந்து நின்றது. "ஒரு ஷாஃப்ட்தான் தப்புன்னு நெனச்சுப் பத்து நாளா என்னையே தின்னுக்கிட்டிருந்தேன். நீங்க மத்தியானமே கண்டுபிடிச்சீங்க. கோல் குட்டைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். என்னைக் காப்பாத்த நோட்டுப் புத்தகம் தேடிக்கிட்டிருந்தீங்களா? நாற்பத்தேழு பஸ் மேடம்! பள்ளிக்கூடம் விட்டிருக்கும். ஆபீஸ் விடற நேரம்."

சர்வேயருக்குச் சுருக்கென்றது. சிவப்பு ரேக் பக்கத்தில் தாளில் இரண்டு வரி எழுதியபோது அவருக்கு வித்தியாசம் தெரிந்தது, கோல் தெரிந்தது, திருடன் தெரியப்போகிறான் என்ற ருசியும் தெரிந்தது. பஸ்கள் தெரியவில்லை. நேற்றிலிருந்து யார் மீது என்று தெரியாமல் சுமந்த கோபத்துக்கு இப்போது ஒரு பங்காளியாக அவரே நின்றார்.

"என் தப்புதான்" என்றார். அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. மேஜை போனை இழுத்து முன்னால் வைத்தார்.

மைக்ரானின் மனைவி அந்தப் போனை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தாள்.

"நீ பேசு."

"அக்கா, மேனேஜர் பேசினா..."

"நீ பேசு."

பஸ் கம்பெனியின் டிப்போ நம்பரைக் குண்டூசி அழுத்தினான். மறுமுனையில் ஒரு சலித்த குரல். தம்பி உதட்டை நனைத்துக்கொண்டான்.

"சார், என்ஜின் ஷாஃப்ட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்க பஸ் நாற்பத்தேழை உடனே நிறுத்தணும்... இல்ல சார், நாளைக்கு இல்ல, இப்போ. எங்க இருக்கோ அங்கயே. மலைப் பாதையில இருக்கிறதை முதல்ல. அன்னைக்கு எரிஞ்ச பஸ்ஸுல இருந்த அதே ஷாஃப்ட்தான் எல்லாத்துலயும்."

மறுமுனை ஏதோ கேட்டது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"நான் யாருன்னா... அதையெல்லாம் அரைச்சவன். பாஸாகாததைப் பாஸாக்கினவனும் நான்தான்."

மைக்ரான் ரிஜிஸ்டரைப் பிரித்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷாஃப்ட் நம்பரை அவர் விரல் வைத்துக் காட்ட, தம்பி படிக்க, அங்கே யாரோ பஸ் நம்பரைத் தேடி எடுத்தார்கள். மாமனும் மச்சானும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் ஒரு முறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

நடுவில், சர்வேயர் சொல்லி அனுப்பியிருந்த போலீஸ் வந்தது. குண்டூசி வாசலிலேயே நிறுத்தி, மேனேஜரை மட்டும் முதலில் கூட்டிப் போகச் சொன்னான். "இன்னொருத்தருக்கு இன்னும் பத்தொன்பது நம்பர் பாக்கி இருக்கு சார். முடிச்சதும் தர்றோம்."

ஆறேகாலுக்கு நாற்பத்தாறு பஸ்கள் நின்றுவிட்டன. தம்பியை அழைத்துப் போனபோது அவன் அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். கடைசிப் பஸ்ஸின் சேதிக்காக மற்றவர்கள் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு நாற்பதுக்கு மணி அடித்தது. சர்வேயர் எடுத்தார். கேட்டார். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார்.

"நின்னுடுச்சு. மலையில, ஏத்தத்துல பாதியில நிறுத்தியிருக்காங்க. என்ஜின்ல ஏற்கெனவே தட்டற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சாம்."

"ஆளுங்க?" என்றார் மைக்ரான்.

"அம்பத்தி ரெண்டு பேர். எல்லாரும் ரோட்டோரமா நிக்கிறாங்க. மழை வேற. நல்லா ஓடற பஸ்ஸை எதுக்குய்யா நடுக்காட்டுல நிறுத்தினேன்னு டிரைவரைப் பிடிச்சுக் கண்டபடி திட்டிக்கிட்டிருக்காங்களாம்."

மைக்ரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிஜிஸ்டரில் நாற்பத்தேழாவது ஷாஃப்ட்டின் வரிமேல் ஒரு கோடு இழுத்தார்.

"திட்டட்டும்" என்றார்.